வாளி ஏன் பாரமாகிறது? வகுப்பறைக் கேள்வி பதில்

எதிர்காலத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் கற்பித்தல் முறைகள் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம். ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியுள்ளோம்.

தரம் 10 விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 42 பேர், பாடவேளை 40 நிமிடம். செயலமர்வுக்குப் போனால் மாணவர் மையக் கற்பித்தல் என்கிறார்கள். பாடசாலைக்குத் திரும்பினால் பாடத்திட்டம் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். குழுவாக இருத்தினால் நாலு பேர் செய்ய, மிச்சப் பேர் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குள் என்னதான் செய்யலாம்?
ஆசிரியை, கோப்பாய்

குழு வேலையை ஒரு தவணைக்கு மறந்துவிடுங்கள். 42 பேரைப் பிரித்து, வாங்குகளை இழுத்துத் திருப்பவே பத்து நிமிடம் போய்விடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டால் முதல் வாங்கில் இரண்டு கை உயரும். மற்ற நாற்பது பேரும் யோசிக்காமலே தப்பிவிடுவார்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரு விடையைத் தெரிவுசெய்ய வைக்கும் முறை ஒன்று உண்டு. ஹாவட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர் 1991 இல் தொடங்கியது. அவருக்கு விரிவுரை மண்டபம் இருந்தது. உங்களுக்குக் கரும்பலகையும் ஆளுக்கொரு ஏ4 தாளும் போதும்.

தாளை இரண்டு தரம் மடித்து விரித்தால் நான்கு கால்பகுதிகள். ஒரே பக்கத்தில், கால்பகுதிக்கு ஒன்றாக, அ, ஆ, இ, ஈ என்று உள்ளங்கை அளவில் தடித்த பேனையால் எழுதவேண்டும். வேண்டிய எழுத்து வெளியே தெரிய மடித்து நெஞ்சோடு பிடித்தால் ஆசிரியருக்கு மட்டும் தெரியும்.

இனிக் கேள்வி. மேலுதைப்பு, அதாவது திரவம் பொருளை மேல்நோக்கித் தள்ளும் விசை, பற்றிய பாடத்துக்கு இது பொருந்தும்: கிணற்றில் அள்ளும்போது நிறைந்த வாளி நீருக்குள் இருக்கும்வரை இலேசாக வருகிறது, நீர்மட்டத்தைத் தாண்டியதும் பாரமாகிறது. ஏன்?

அ. நீருக்குள் புவியீர்ப்புக் குறைவு.
ஆ. நீருக்குள் இருக்கும்வரை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது.
இ. வெளியே வந்ததும் காற்று மேலிருந்து அமுக்குகிறது.
ஈ. வெளியே வந்ததும் வாளியிலுள்ள நீரின் திணிவு கூடுகிறது.

கேள்வியை எழுதி ஒருமுறை வாசியுங்கள். ஒன்றரை நிமிடம் மௌனம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லாரும் ஒன்றாகத் தாளைப் பிடிக்கவேண்டும். கண்ணால் எண்ணிக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 வீதத்துக்குக் குறைவென்றால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கதைத்துப் பயனில்லை. நீங்களே வேறு உதாரணத்தோடு திரும்பப் படிப்பிக்கவேண்டும். 70 வீதத்துக்கு மேலென்றால் அரை நிமிட விளக்கம், அடுத்த விடயத்துக்குப் போகலாம். இடைப்பட்டால்தான் விசேடம்: "உங்கள் விடையிலிருந்து வேறுபட்ட ஒருவரைப் பக்கத்திலோ பின்னாலோ தேடி, ஏன் என்று சொல்லுங்கள்" என்று இரண்டரை நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டாம் வாக்கு, அதன்பின் விளக்கம். மொத்தம் எட்டு நிமிடம். பாடவேளைக்கு ஒன்று போதும், இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இது பிழைப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதல் வாக்கு முடிந்ததும் ஆசிரியர் சரியான விடையைச் சொல்லிவிடுவார்; அதற்குப்பிறகு கதைக்க என்ன இருக்கிறது? சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடும், ஆகவே எண்ணும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் எல்லா விடைக்கும் ஒரே தலையாட்டல் போதும். இரண்டாவது, வகுப்பின் கெட்டிக்காரரைப் பார்த்துத் தாளை மாற்றுவது. "மூன்று" என்றபின் மாற்றக்கூடாது என்பதை முதல் நாளே பழக்கவேண்டும். மூன்றாவதுதான் பெரிது: மனப்பாடக் கேள்வி. "மேலுதைப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் இந்த முறை செத்துவிடும். பிழையான தெரிவுகள் பிள்ளைகள் உண்மையிலேயே நம்புபவையாக இருக்கவேண்டும். அவற்றைத் தேடி எங்கும் போகவேண்டாம். போன தவணை விடைத்தாள் கட்டில் சிவப்புப் பேனை விழுந்த இடங்களைப் பாருங்கள்.

ஆ என்று சரியாகச் சொன்னவர்களையும் விடாதீர்கள். "10 லீற்றர் பிளாஸ்ரிக் வாளி முழுதாக நீருக்குள் இருக்கும்போது கயிற்றில் எவ்வளவு பாரம்?" என்று கேளுங்கள். கொஞ்சம் குறையும் என்பார்கள். வாளிக்குள் உள்ள நீரைச் சுற்றியுள்ள நீரே முழுதாகத் தாங்குகிறது. பிளாஸ்ரிக்கின் அடர்த்தியும் நீருக்குக் கிட்டத்தட்டச் சமம். எனவே கயிற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் 10 கிலோவும் வாளியும் கையில். இரும்பு வாளியென்றால் இரும்பின் நிறையில் எட்டிலொரு பங்குதான் நீருக்குள் குறையும். மோட்டர் பூட்டிய வீட்டுப் பிள்ளைகள் வாளி இழுத்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு விற்றராசில் ஒரு கருங்கல்லைக் கட்டி, வாளித் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றிக் காட்டுங்கள்.

இப்படி விளையாடிக்கொண்டிருந்தால் சாதாரண தரப் பெறுபேறு என்னாவது? ரியூசனில் கடந்தகால வினாத்தாள் செய்விக்கிறார்கள், அதுதானே உதவுகிறது?
தந்தை, சாவகச்சேரி

வினாத்தாள் செய்வது உதவுகிறது என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் அது ஏன் உதவுகிறது என்று பார்க்கவேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதியினர் பந்தியைத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்கள் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால். ஒரு கிழமைக்குப் பின் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் பிள்ளை சோதனைக்கு முதல்நாள் இரவு குறிப்புக் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று சொல்வது அந்த முதல் ஐந்து நிமிடத் திருப்தி.

வகுப்பில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். பாடம் தொடங்கும்போது கரும்பலகையில் நாலு கேள்வி: நேற்றையது ஒன்று, போன கிழமையது ஒன்று, போன மாதத்தது ஒன்று, போன வருடத்தது ஒன்று. கொப்பி மூடியிருக்கவேண்டும். புள்ளி போடக்கூடாது, போட்டால் பார்த்தெழுதத் தொடங்குவார்கள். பிள்ளை தானே திருத்தி, பிழைத்ததை அடுத்த கிழமை அட்டவணையில் தானே எழுதிவைக்கும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: "படிச்சிட்டியா?" என்று கேட்பதை விட்டு, "புத்தகத்தை மூடிவைச்சிட்டு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. தெரியாத ஆளுக்கு விளக்க வெளிக்கிடும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று பிள்ளைக்கே தெரியும்.

செயற்றிட்டம் கொடுத்தால் கொமினிகேசனில் அச்சடித்த பக்கங்களும் அழகான பிறிஸ்ரல் போட்டும் வருகின்றன. சிலது அம்மா செய்தது என்பது பார்த்தாலே தெரிகிறது. பிள்ளை உண்மையாகச் செய்யும் செயற்றிட்டம் ஒன்று சொல்லுங்கள்.
ஆசிரியர், உரும்பிராய்

இணையத்தில் விடை இல்லாத கேள்வியைக் கொடுங்கள். "நீர் மாசடைதல்" என்று தலைப்புக் கொடுத்தால் அச்சடித்த பக்கம்தான் வரும். "உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் எவ்வளவு செலவாகிறது, பாடசாலைக் கிணற்றோடு ஒப்பிட்டால் என்ன?" என்ற கேள்விக்கு எந்தக் கடையிலும் விடை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால் இந்தச் செயற்றிட்டம் எங்கள் ஊருக்கென்றே அமைந்தது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பிள்ளைகள் நாளும் பார்க்கிறார்கள். அப்படிப் படியும் உப்புகள் கரைந்திருப்பதால் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காத தன்மைதான் நீரின் வன்மை. அதைத்தான் அளக்கப்போகிறார்கள்.

சவர்க்காரக் கரைசலை நீங்களே முதல்நாள் தயாரியுங்கள். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி 5 கிராம் எடுத்து, 500 மில்லிலீற்றர் இளஞ்சூடான மழைநீரில் கரைத்து, ஆறவிட்டுத் தெளிந்ததை ஊற்றி எடுக்கவேண்டும். மழைநீர் இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் வடிநீர். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் கரைசலே திரைந்துவிடும். சலவைத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ வேண்டாம். அவை வன்னீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை, எல்லாக் கிணறும் ஒரேமாதிரித் தெரியும்.

ஒரு குழுவுக்கு மூடியுள்ள 100 மில்லிலீற்றர் தெளிந்த போத்தல் ஒன்று, ஊசி கழற்றிய 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று. மாதிரி நீர் 10 மில்லிலீற்றரை விட்டு, சவர்க்காரக் கரைசலை 0.2 மில்லிலீற்றராகச் சேர்க்கவேண்டும். சிரிஞ்சில் ஒரு சிறு கோடு அதுதான். ஒவ்வொரு முறையும் மூடிப் பத்துத் தரம் குலுக்கி, நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிய நுரை 30 செக்கன் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். நின்ற இடத்தில் மொத்த அளவைக் குறிக்கவேண்டும். ஒரு கிணற்றுக்கு மூன்று தரம், மூன்றும் 0.4 மில்லிலீற்றருக்குள் வராவிட்டால் நாலாவது தரம். வடிநீரிலும் ஒருமுறை செய்து, அந்த அளவை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிக்கவேண்டும். இந்தக் கழித்தலை மறப்பவர்கள் மிக அதிகம்.

அடுத்த பாகத்தில்தான் சுவை. அதே கிணற்று நீரில் 200 மில்லிலீற்றரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வற்றிய அளவுக்கு வடிநீர் விட்டு மீண்டும் 200 ஆக்கி, தெளிந்ததைச் சோதியுங்கள். வற்றியதை ஈடுசெய்யாமல் விட்டால் மிச்ச உப்புகள் செறிந்து, கொதிக்கவைத்தால் வன்மை கூடுகிறது என்ற தலைகீழ் முடிவு வரும். உள்பக்கச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் பெரும்பாலும் சவர்க்காரச் செலவு நன்றாகக் குறையும். நீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று, கரையாத காபனேற்றாகப் படிந்துவிடுகிறது, கேத்திலில் பார்த்தது அதுவே. கடனீரேரிக்குக் கிட்டிய உவர்க் கிணறுகளில் அவ்வளவு குறையாது, ஏனென்றால் கடல்நீரோடு வரும் கல்சியம், மகனீசியம் குளோரைட்டுகள் கொதிக்கவைத்தாலும் போகா. ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகளே கேட்கும்வரை பொறுத்திருங்கள். முந்திச் சொன்னால் பாடம் போய்விடும்.

நேரம்: இரட்டைப் பாடவேளை ஒன்றில் மூன்று கிணறு முடியும். குழுவுக்கு நாலு பேர்: ஒருவர் சிரிஞ்ச், ஒருவர் குலுக்கல், ஒருவர் மணிக்கூடு, ஒருவர் பதிவு. கிணற்றுக்குக் கிணறு வேலையை மாற்றவேண்டும். பதிவு பேனையால், பிழைத்தால் ஒரு கோடு போட்டுவிட்டு எழுதலாம், அழிக்கக்கூடாது. புள்ளி 20 என்றால் அட்டையின் அழகுக்கு ஒன்றும் வேண்டாம்: மூலப் பதிவுக்கு 8, காரணம் காட்டலுக்கு 6, இரண்டு நிமிட வாய்மொழிக்கு 6. வாய்மொழியில் "மூன்றாவது அளவு ஏன் கூடிப்போனது?" என்று கேளுங்கள். போத்தலைக் குலுக்கிய பிள்ளைக்கு மட்டுமே அதற்கு விடை தெரியும். முடிந்தால் தை மாதமும் ஆவணி மாதமும் அதே கிணறுகளைச் சோதித்து வரைபாக்குங்கள். வடகீழ்ப் பருவமழை முடிந்ததும் ஏறிய நீர்மட்டம் ஆவணியில் நன்றாக இறங்கியிருக்கும்.

ஒன்றைப் பிள்ளைகளிடமும் பெற்றாரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். இது குடிக்கலாமா என்று சொல்லும் சோதனை அல்ல. தோட்டத்துப் பசளையாலும் மலக்குழிகளாலும் எங்கள் கிணறுகளில் கலக்கும் நைத்திரேற்று கண்ணுக்கும் சவர்க்காரத்துக்கும் தெரியாது. அதை ஆய்வுகூடத்தில்தான் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்றுவதால் செறிவுதான் கூடும். கிருமிக்காகக் கொதிக்கவைப்பதை நிறுத்தச் சொல்வதாக யாரும் விளங்கிக்கொள்ளவேண்டாம்.

வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் ஊடாடும் திரை ஒன்று வாங்கித்தரத் தயார். வாங்கலாமா? இணையம் ஒழுங்காக இல்லாத பாடசாலை.
அதிபர், தீவகம்

தருகிறவர்களிடம் வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள். பெரிய திரை வந்ததும் பெரும்பாலும் நடப்பது, கரும்பலகையில் எழுதியதைத் திரையில் காட்டுவது. பிள்ளைகள் முன்போலவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடல்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும், திருத்தக் கொழும்புக்கு அனுப்பவேண்டிவரும்.

அதன் விலையின் சிறு பங்கில் முடிவது: ராஸ்பெரி பை 4 போன்ற சின்னக் கணினி ஒன்று, 128 ஜிகாபைற் நினைவட்டை இரண்டு, நல்ல மின்வழங்கி, சாதாரண புரொஜெக்ரர். இணையமின்றிப் பாடங்களைக் காட்டும் கோலிப்ரி அல்லது கிவிக்ஸ் மென்பொருளை இணையம் உள்ள இடத்தில் ஏற்றி, பாடங்களையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் இறக்கிக்கொண்டு வந்தால், அந்தக் கணினியே வகுப்புக்குள் வைபை தரும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெற் (PhET) எனும் விஞ்ஞானப் பரிசோதனை ஒப்புருவாக்கங்களையும் இறக்கிவைத்து இணையமின்றி இயக்கலாம். பல தமிழிலும் உண்டு. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கைபேசிக்கு மேல் இணைத்தால் இழுபடும், எனவே இருவருக்கு ஒரு கருவி. கரண்ட் நின்று திடீரென அணைந்தால் நினைவட்டை பழுதாகும். அதற்குத்தான் இரண்டு அட்டை: ஒன்றை அப்படியே பிரதியெடுத்து அலுமாரியில் பூட்டிவையுங்கள்.

தமிழ் உள்ளடக்கத்தில் பலர் கவனிக்காத பள்ளம் ஒன்று உண்டு. பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சொல்லில் இருக்கும். அங்கே முடுக்கம், எங்கள் நூலில் ஆர்முடுகல். அழுத்தம் அமுக்கமாகும், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பாகும், தனிமம் மூலகம், சேர்மம் சேர்வை, ஆக்சிஜன் ஒட்சிசன். பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருப்பது நல்லதே, ஆனால் பரீட்சையில் எங்கள் சொல் வேண்டும். அலகுக்கு ஒரு தாளில் இரு நிரலாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்; எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த நாளிலிருந்தே கலைச்சொல் எங்களுக்குப் பழகிய தலைவேதனைதான்.

வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வரச்சொல்கிறார்கள். டேற்றாவும் போகுது, பிள்ளை வேற எதையோ பார்க்கிது. என்ன செய்ய?
தாய், சுன்னாகம்

ஆசிரியரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆறு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ வேண்டாம். 360p தரத்தில் ஆறு நிமிடம் ஏறக்குறைய 30 மெகாபைற். அதுவும் முடியாத வீட்டுக்கு அதே விடயம் அரைப் பக்கக் கையெழுத்தில், கீழே மூன்று கேள்வியோடு போகவேண்டும். வீட்டில் கேட்டு வகுப்பில் செய்வதுதான் அந்த முறையின் உயிர், வீடியோ அல்ல. மறுநாள் வகுப்பிலும் ஆசிரியரே அதைத் திரும்ப விளக்கினால், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் பார்த்துவிட்டு வராது.

ஐயா, நான் தரம் 12. கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதுவித்தால் பிழையா? எல்லாரும் செய்கிறார்கள்.
மாணவன், பருத்தித்துறை

தம்பி, சைக்கிள் ஓடப் பழகுவதற்கு இன்னொருவரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாயா? ஆனால் அதைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வரிசையை மாற்று. முதலில் நீ எழுது, எவ்வளவு மோசமாக வந்தாலும். பிறகு அதே தலைப்பை அதனிடம் கேட்டு, வந்த விடையில் ஆண்டு, பெயர், எண் உள்ள மூன்று வசனங்களுக்குக் கீழ்க்கோடிட்டு, பாடநூலிலோ நூலகத்திலோ சரிபார். அச்சமின்றிப் பிழை சொல்வது அதன் இயல்பு. யாழ்ப்பாணத்து ஊர், கோயில் பற்றிக் கேட்டால் சீக்கிரம் அகப்படும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று: யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பித் தண்டிக்கவேண்டாம், தமிழுக்கு அவை இன்னும் மோசம். கட்டுரையின் முதற் பந்தியை வகுப்பில் எழுதுவியுங்கள், மிச்சம் வீட்டில். இரண்டின் நடையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

ஆரம்பப் பிரிவில் கணினி இல்லை. கணினிச் சிந்தனையைப் பழக்க முடியுமா?
ஆசிரியை, அச்சுவேலி

ஐந்து மட்டையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். மட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று கொட்டைகளைப் பசையால் ஒட்டி, ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, வகுப்புக்கு முகம்காட்டி வரிசையாக நிறுத்துங்கள். வகுப்பார் பார்க்க இடக்கைப் பக்கம் 16, வலக்கைப் பக்கம் 1. கணினி எண்களை எழுதும் இரும முறை இதுதான்: மட்டையைக் காட்டினால் 1, திருப்பிப் பிடித்தால் 0. "13 காட்டுங்கள்" என்றால் 8, 4, 1 முகம் காட்டும்: 01101. வரிசையைப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து அடுக்கிவிடுவதுதான் வழக்கமான பிழை, எண் தலைகீழாகிவிடும். பூச்சியத்திலிருந்து 31 வரை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். 1 மட்டையை வைத்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு எண்ணுக்கும் திருப்பித் திருப்பிக் களைத்துப்போகும், 16 மட்டைப் பிள்ளை ஒரேயொரு தரம்தான் திருப்பும். இது ஏன் என்று அந்த இரண்டு பிள்ளைகளையே விளக்கச் சொல்லுங்கள். ஆறாவது மட்டை செய்தால் எத்தனை கொட்டை வேண்டும் என்று வகுப்பு தானே கேட்கும். 32 கொட்டையை முன்கூட்டியே எண்ணி ஒரு பையில் வைத்திருங்கள்.